பலகையார் நிதானம் காத்த படலம்

வாசகசாலையில் இருந்த ஒரே மின்விசிறி எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்ற கேள்வியில்தான் எல்லாம் தொடங்கிற்று. நாளிதழ் மேசையைப் பார்த்து நிற்கட்டும் என்றது செயற்குழு. அகராதி அலமாரியைப் பார்த்து நிற்கட்டும் என்றார் பலகையார். அலமாரிக்கு வியர்ப்பதில்லையே என்று ஓர் உறுப்பினர் ஐயம் எழுப்பினார். ஐயம் நியாயமானதுதான். ஆனால் எதிராளியின் பக்கம் நியாயம் இருந்தால் பலகையாருக்குப் பொறுக்காது. எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையிலிட்டார். செயற்குழுவிலிருந்து அந்தக் கணமே விலகுவதாக அறிவித்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

ஒருவரும் தடுக்கவில்லை. தடுத்துத் தடுத்து அவர்களுக்கும் அலுத்திருந்தது. மூக்கின் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு திரிந்த அந்த மனிதர் அதுவரை விலகாத இடமே இல்லை. தெருச் சங்கத்திலிருந்து விலகியிருக்கிறார். முடிதிருத்துபவர் ஒரு பக்கம் வெட்டி முடித்த நிலையில் நாற்காலியிலிருந்து விலகியிருக்கிறார். மறுபக்கம் தானாக உதிரும் என்று எண்ணினார் போலும், பல நாள் தொப்பியோடு நடந்தார். பல் பிடுங்கும் மருத்துவரிடமிருந்து, பல் ஆடத் தொடங்கிய தறுவாயில் விலகி, மிச்ச வேலையை வீட்டில் தாமே பார்த்துக்கொண்டார்.

பலகையார் என்பது தெரு சூட்டிய பெயர். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். வியப்பு என்னவென்றால், கையில் தூரிகை இருக்கும்வரை அவரைப்போல் நிதானமான மனிதரை எங்கும் காண முடியாது. வெற்றுப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே முக்காலி போட்டு, அரை நாள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். எழுத்து நேராக நிற்க, சாயம் தோய்த்த நூலை இழுத்துத் தட்டுவார். சாக்பீசால் கோடிடுவார். தள்ளி நின்று பார்த்து அழிப்பார். மறுபடியும் கோடிடுவார். வாடிக்கைக்காரர் கடை திறந்து, வியாபாரம் படுத்து, கடையை மூடி வேறு தொழிலுக்கும் போயிருப்பார். பலகை அப்போதுதான் காய்ந்துகொண்டிருக்கும். ஆனால் தூரிகையைக் கீழே வைத்த மறுகணம் அந்த நிதானமெல்லாம் அதோடு சேர்ந்து தூரிகை கழுவும் டர்பன்டைன் டப்பாவுக்குள் இறங்கிவிடும். கைக்கு ஒரு சட்டம், வாய்க்கு ஒரு சட்டம்.

செயலாளர் மட்டும் வாய் திறக்காதிருந்தால் அன்றைக்கும் அப்படியே விலகிப் போயிருப்பார். வாசகசாலையின் செயலாளர் மருந்துக்கடைக்காரர். மாத்திரை எண்ணிக் கொடுப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறவர். அவர் பெருமூச்சு விட்டார்.

"அண்ணன்கிட்ட எனக்கு எல்லாமே பிடிக்கும். இந்த எடுத்தேன் கவிழ்த்தேன்தான்..." என்று இழுத்தார்.

ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துவிட்ட பலகையார் அக்காலைத் திரும்ப உள்ளே எடுத்தார். அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் மருந்துக்கடைக்காரர். இலக்கியத்தில் அது எங்கெங்கே எப்படியெப்படி வழங்குகிறது என்று தெரியுமா என்று கேட்டார். அவ்வளவு தூரம் தெரியாது என்றார் மருந்துக்கடைக்காரர். ஆழம் தெரியாத சொல்லை எடுத்து ஒரு மனிதன் மேல் எறிவது படித்தவர்களுக்கு அழகா என்று பலகையார் வெகுண்டார். வரப்போகும் ஆண்டுவிழாக் கூட்டத்தில் அச்சொல்லின் பொருளும் வழக்கும் குறித்துத் தாமே உரை நிகழ்த்தப் போவதாகவும், அதைக் கேட்டபின் அதை வாயிலெடுக்க ஒருவருக்கும் நா எழாது என்றும் முழங்கினார்.

இந்த முழக்கத்துக்கு உள்ளே ஓர் ஏக்கமும் இருந்தது. ஆண்டுதோறும் கூட்ட மேடைக்குப் பேச்சாளர் பெயர்களை எழுதிக் கொடுப்பவர் பலகையார்தான். எத்தனையோ பேரறிஞர்களின் பெயர்களை நூல் தட்டி, நிழல் போட்டு எழுதியிருக்கிறார். தம் பெயரை எழுதத்தான் அவருக்கு ஒருமுறையும் வாய்க்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

"தாராளமா பேசுங்க அண்ணே. ஆனா நீச்சல் தெரியாதவர் மேடையேறி நீச்சலைப் பத்திப் பேசினா ஜனங்க சிரிப்பாங்க. கூட்டம் முடியற வரைக்கும் நீங்க ஒரு காரியத்தையும் யோசிக்காம செய்யக் கூடாது, சொல்லக் கூடாது. வெளியில நாங்க பாத்துக்குவோம். வீட்டுக்குள்ள நடக்கிறதுக்கு அண்ணிதான் சாட்சி. மேடையிலயே கூப்பிட்டுக் கேப்போம். அவங்க ஆமான்னு சொல்லிட்டா அந்தச் சொல்லை உங்க விஷயத்துல இனிமே யாரும் எடுக்க மாட்டோம்."

பலகையார் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒப்புக்கொண்டார். அந்த வேகத்தை ஒருவரும் கவனிக்கவில்லை.

*

அவர் வீடு திரும்பியபோது மனைவி அடுக்களையில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டை வைத்துக்கொண்டிருந்தாள். அடுக்களையில் தையலா என்று கேட்கலாம். அவ்வீட்டின் அமைப்பு அப்படி. தெருவைப் பார்த்த முன்னறை நல்ல வெளிச்சமானது. இரண்டு சன்னல்கள், அகலமான கதவு. ஆனால் அது பலகையாரின் படிப்பறை. அங்கே ஒரு சாய்வு நாற்காலியும், தொகுதி தொகுதியாக அகராதிகளும், வாடிக்கைக்காரர்கள் வாங்க மறுத்த பலகைகளும் குடியிருந்தன. சைக்கிள் கடைக்காரர் 'பஞ்சர் ஒட்டப்படும்' என்று எழுதித் தரச் சொன்னால், 'துளையுற்ற உருளிகள் செப்பனிடப்பெறும்' என்று எழுதிக் கொடுக்கிறவர் அவர். அதைப் படித்துப் புரிந்துகொண்டு வண்டியை நிறுத்துவதற்குள் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும் என்று கடைக்காரர் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படித் திரும்பியவை அந்த அறையில் சுவர் தெரியாமல் சாய்ந்திருந்தன.

அவளுக்கு வாய்த்தது அடுக்களையின் ஒரு மூலை. ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் தண்ணீர்ப் பானை. மிதியை மிதிக்கும்போதெல்லாம் முழங்கால் அலமாரிக் கதவில் இடிக்கும். அவள் தைத்த உடை எதுவாயினும், எவ்வளவு அழகாக இருப்பினும், உடுத்துகிறவரைச் சுற்றி முதல் நாள் வெங்காய வாசனை ஒன்று நடமாடும். மணமகள் ஒருத்தியே அதைப் பற்றி வருத்தப்பட்டுச் சொல்லியனுப்பியிருந்தாள். ஆகவே அவள் எத்தனையோ முறை "ஏங்க, அந்த முன்னறையை..." என்று தொடங்கியிருக்கிறாள். "முடியாது" என்பது ஒவ்வொரு முறையும் அந்த இடத்திலேயே வந்து விழும். அந்த வாக்கியத்துக்கு ஒரு பின்பாதி உண்டு என்பதே பலகையாருக்குத் தெரியாது.

நடந்ததை அவர் விளக்கினார். நிபந்தனையையும், சாட்சி இன்னார் என்பதையும் சொன்னார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, நிதானமாகக் கேட்டாள்.

"அப்ப கூட்டம் முடியற வரைக்கும் நீங்க முடியாதுன்னு சொல்ல மாட்டீங்க?"

"அப்படியில்லை. சொல்லுவேன். ஆனா யோசிச்சுட்டுச் சொல்லுவேன்."

"எவ்வளவு நேரம் யோசிப்பீங்க?"

"அது விஷயத்தோட கனத்தைப் பொறுத்தது."

"கனமான விஷயம்னா?"

"நாள் கணக்கா ஆகும்" என்றார் பலகையார், பெருமையாக.

அவள் இயந்திரத்தின் சக்கரத்தில் கையை வைத்து நிறுத்தினாள். "ஏங்க, அந்த முன்னறையை" என்று தொடங்கினாள். 'முடியாது' பழக்கதோஷத்தில் பலகையாரின் உதடுவரை வந்துவிட்டது. அதை அங்கேயே பிடித்து நிறுத்துவதற்குள் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த இடைவெளியில் அவ்வாக்கியம், திருமணமான நாளிலிருந்து முதன்முறையாக, முடிவுவரை போய்ச் சேர்ந்தது. முன்னறையைத் தனக்கும், தன்னைப்போலவே தைக்கிற மாடிவீட்டு அக்காவுக்கும் விட்டுக் கொடுத்தால், தெருப் பெண்களுக்கு அங்கே தையல் சொல்லிக் கொடுக்கலாம், வெளிச்சத்தில் உட்கார்ந்து தைக்கலாம், துணியில் வெங்காய வாசனையும் இராது என்பதே அதன் பின்பாதி.

"யோசிக்கிறேன்" என்றார் பலகையார்.

அப்படிச் சொன்னபோதே அவர் உள்ளுக்குள் ஒரு திட்டம் தீட்டிவிட்டார். சாட்சியைப் பகைத்துக்கொள்ளக் கூடாது. மறுத்தால், மேடையில் அவள் என்ன சொல்வாளோ யார் கண்டது. ஆகவே கூட்டம் வரை யோசிப்பது. அவள் ஆமாம் என்று சாட்சி சொல்லிவிட்டு மேடையைவிட்டு இறங்கியதும், சேமித்து வைத்த 'முடியாது' முழுவதையும் ஒரே வாயில் சொல்லிவிடுவது. பேரும் நிலைக்கும், அறையும் நிலைக்கும். தம் சாமர்த்தியத்தைத் தாமே மெச்சிக்கொண்டு அன்று இரட்டிப்பாகச் சாப்பிட்டார்.

*

மறுநாள் மாடிவீட்டு அக்கா இறங்கி வந்து முன்னறையை இஞ்ச் டேப்பால் அளந்தாள். அளப்பதில் என்ன இருக்கிறது என்று பலகையார் விட்டுவிட்டார். அதற்கடுத்த நாள் அவர் பலகை எழுதும் தம் கடையிலிருந்து வந்தபோது, துணி வெட்டும் நீள மேசை ஒன்று முன்னறையின் நடுவே நின்றது. அதற்கு இடம் விடுவதற்காகச் சாய்வு நாற்காலி சுவரோரம் போய், சாய முடியாத கோணத்தில் நின்றது.

இது என்னவென்று அவர் கேட்டார். கண்ணால் பார்க்காமல் எப்படி யோசிப்பீர்கள் என்று மனைவி கேட்டாள். மேசை போட்டால் அறை எப்படி இருக்கும் என்று அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அவளும் அக்காவும் மாடிப்படி வழியாக மூச்சு வாங்க இறக்கினார்களாம். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடலாமாம்.

"யோசிச்சு முடிச்சிட்டீங்களா?" என்று அவள் பரிவோடு கேட்டாள்.

"இன்னும் முடிக்கலை."

"அப்ப அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பலகையார் லேசாக வாதாடிப் பார்த்தார். தாம் வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் வேண்டும் என்றும் முடிவு செய்யவில்லையே. அவ்வாறிருக்க மேசை உள்ளே வந்தது மட்டும் எப்படி என்று கேட்டார். அவள் அதையும் ஆழ்ந்து யோசித்தாள்.

"வந்தது வந்துடுச்சு. இப்ப அதைத் தூக்கி வெளியே போட்டாத்தானே எடுத்தேன் கவிழ்த்தேன்னு ஆகும்? இருந்த இடத்துல இருந்தா அது நிதானம்" என்றாள்.

அதில் எங்கோ ஒரு பிழை இருந்தது. அதைக் கண்டுபிடிக்கப் பலகையார் யோசிக்கத் தொடங்கினார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே தையல் இயந்திரம் வந்தது. பிறகு அக்காவின் இயந்திரம் வந்தது. பிறகு ஒரு நிலைக்கண்ணாடி வந்து சன்னலுக்கு எதிரே நின்றது. அதில் ஒருநாள் தற்செயலாகத் தம்மைக் கண்ட பலகையார், இந்த ஆள் யார், என் அறையில் இவனுக்கு என்ன வேலை என்று கேட்கப் போய், கேட்குமுன் யோசித்ததால் தப்பினார்.

பலகைகளைப் பற்றி அவள் மிகவும் கவலைப்பட்டாள். ஊசியும் கத்தரிக்கோலும் புழங்குகிற இடத்தில் எழுத்தில் கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்றாள். அவற்றைப் பத்திரமாகப் பின்னறைக்குக் கொண்டுபோனவர் பலகையாரேதான். பத்திரப்படுத்துவது அவசரச் செயலாகாதல்லவா.

உரைக்காக ஒரு சொல்லைப் பார்க்க அகராதியைத் தேடிக்கொண்டு ஒருநாள் முன்னறைக்கு வந்தார். அகராதிகள் மேசை மேல் இருந்தன. வெட்டுவதற்காக உடையின் வடிவம் வரைந்த காகிதம் நழுவாமல் இருக்க, ஒரு தொகுதி தோள்பட்டையிலும், ஒன்று இடுப்பிலும், ஒன்று பாவாடை விளிம்பிலும் அமர்ந்திருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது இடுப்பில் இருந்த தொகுதி. கையை நீட்டினார். மாடிவீட்டு அக்கா கத்தரிக்கோலோடு நிமிர்ந்தாள்.

"அவசரமா தம்பி?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல அந்த வாரத்தில் அவருக்கு உரிமை இல்லை. இடுப்பு வெட்டி முடியும்வரை நின்றார்.

*

கடையிலும் நிதானம் அவரை விடவில்லை. பூங்கா ஒன்றுக்காக மரப்பலகை இருக்கை ஒன்று வந்திருந்தது. அதன் முதுகிலும் இருக்கையிலும் 'அன்பளிப்பு' என்று பெரிய எழுத்தில் எழுதி, காய வைத்திருந்தார். சோதனை பார்க்க வந்த மருந்துக்கடைக்காரர், வெயிலில் நடந்து வந்த களைப்பில், நேரே அதை நோக்கிப் போனார். வழக்கமான பலகையாராக இருந்தால் தெருவே அதிரக் கத்தியிருப்பார். இப்போது யோசித்தார். எச்சரித்தால் மனிதர் பதறுவார். பதறினால் பின்னால் உள்ள சாயக் குவளைகள் மேல் விழக் கூடும். எச்சரிக்காவிட்டால் கால்சட்டை போகும். குவளையா, கால்சட்டையா? குவளையில் எவ்வளவு சாயம் இருக்கிறது? கால்சட்டை புதியதா? இவ்வாறு இரு பக்கமும் சீர்தூக்கிக்கொண்டிருக்கையில் மருந்துக்கடைக்காரர் அமர்ந்து, சாய்ந்து, கால் மேல் கால் போட்டு, உரை எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்து, தேநீரும் குடித்து முடித்துவிட்டார்.

எழும்போது இருக்கையும் அவரோடு கொஞ்சம் எழுந்தது. தகவல் அறிந்து அவர் தம் பின்புறத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, நான் உட்காரப் போவதை நீர் பார்த்தீரா என்று மட்டும் கேட்டார். பார்த்தேன், யோசித்துக்கொண்டிருந்தேன் என்றார் பலகையார். பார்த்தும் வாய் திறக்காமல் இருந்த பலகையாரை மருந்துக்கடைக்காரர் நெடுநேரம் உற்று நோக்கினார். பின்னர், வெளியில் நடந்ததைப் பொறுத்தமட்டில் தமக்கு இனி ஐயமில்லை, வீட்டுச் சாட்சி ஒன்றுதான் பாக்கி என்று சொல்லிவிட்டு, முதுகிலும் பின்புறத்திலும் 'அன்பளிப்பு' என்ற எழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்திருக்க, கடைவீதி வழியே கம்பீரமாக நடந்து போனார்.

*

கூட்டத்தன்று வாசகசாலை நிரம்பி வழிந்தது. மேடைப் பலகையில் தம் பெயரைத் தாமே எழுதியிருந்தார் பலகையார். முன்வரிசையில் மனைவியும் மாடிவீட்டு அக்காவும் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தெருப் பெண்கள் பலர். இலக்கியத்தில் இவர்களுக்கு இவ்வளவு ஈடுபாடா என்று பலகையாருக்கு நெஞ்சு நிறைந்தது.

அவர் உரை நன்றாகவே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. துடுக்கு என்பது சிறுபிள்ளைக்கு உரியது. பதற்றம் என்பது பயந்தவனுக்கு உரியது. அசட்டுத் துணிச்சல் ஆற்று வெள்ளத்தில் குதிப்பவனுக்கு உரியது. எடுத்தேன் கவிழ்த்தேன் என்பதோ குடும்பத் தலைவனுக்கென்றே மொழி ஒதுக்கி வைத்தது என்று தொடங்கினார். சபை சிரித்தது. எடுத்தேன் என்கிறான், எதை எடுத்தான் என்று சொல்லவில்லை. கவிழ்த்தேன் என்கிறான், எதைக் கவிழ்த்தான் என்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கவிழ்த்திருக்க மாட்டான். மேலும், அடுத்த வீட்டுக்காரனைக் குறை சொல்லும்போதும் நாம் 'எடுத்தான் கவிழ்த்தான்' என்பதில்லை. 'எடுத்தேன் கவிழ்த்தேன்' என்று தன்மையிலேயே சொல்கிறோம். அதாவது, குற்றவாளியின் வாக்குமூலத்தை அவன் வாயாலேயே சொல்லவைக்கிறது இத்தொடர் என்றார். இவ்விடத்தில் கைத்தட்டல் எழுந்தது.

அடுத்து இலக்கிய வழக்குக்கு வந்தார். கதைகளில் வரும் அரசர்களில் பாதிப் பேர் விசாரிக்காமல் தண்டித்துவிட்டு, மீதிக் கதை முழுவதும் வருந்துகிறார்கள். அவர்கள் தண்டிக்குமுன் ஒரு குவளைத் தண்ணீர் குடித்திருந்தால் கதையே இல்லை. புலவர்களுக்கு நிதானமான மனிதனால் ஒரு பயனும் இல்லை; அவனை வைத்து நாலு வரி எழுத முடியாது; எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஒருவன் கிளம்பினால்தான் காப்பியம் நகரும் என்றார். கைத்தட்டலில் மேடை அதிர்ந்தது. பலகையாருக்குத் தலைகால் புரியவில்லை. ஒத்திகை பார்த்த உரை அங்கே முடிந்தது. அவரும் அங்கேயே முடித்திருக்கலாம்.

மருந்துக்கடைக்காரர் எழுந்து, அப்படியானால் இதற்கு எதிர்ச்சொல்லாகிய நிதானம் என்பது என்ன என்று பணிவோடு கேட்டார். கைத்தட்டல் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்க, ஒரு நொடியும் யோசிக்காமல் பலகையார் விடையை அள்ளி வீசினார்.

"எடுத்ததைக் கவிழ்க்காமல் ஓர் இடத்தில் வைப்பது நிதானம். வைத்ததை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அது அங்கேயே இருக்கட்டும் என்று விடுவது பெரிய நிதானம். அவ்வளவு காலம் வாய் மூடி அதை இருக்கவிட்டுவிட்டு, பிறகு ஒருநாள் திடீரென்று தூக்கி எறிகிறவன் எவனோ, அவன்தான் கவிழ்ப்பவர்களுக்கெல்லாம் தலைவன்."

கைத்தட்டல் ஓய வெகுநேரமாயிற்று. மாடிவீட்டு அக்கா எழுந்து நின்றே தட்டினாள்.

அடுத்து சாட்சி. மனைவி மேடையேறினாள். ஒலிபெருக்கியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பலகையார் தம் நாக்கின் அடியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த 'முடியாது' அசைவதை உணர்ந்தார். இன்னும் சில கணங்கள்தான்.

"எனக்கு மேடையில பேசத் தெரியாது. நடந்ததைச் சொல்றேன்" என்று அவள் தொடங்கினாள். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் முன்னறைன்னு வாயெடுத்தா, முடியாதுன்னு சொல்லிடுவார். இந்தத் தடவை முழுசாக் கேட்டார். யோசிக்கிறேன்னார். மேசை வந்தது, யோசிச்சார். மெஷின் வந்தது, யோசிச்சார். கண்ணாடி வந்தது, அதுல பார்த்தே யோசிச்சார். அவர் பலகையையெல்லாம் அவர் கையாலேயே பின்னறைக்குத் தூக்கிட்டுப் போனார். ஒரு வார்த்தை கோபமா சொல்லலை. வெச்சது வெச்சபடி இருக்கட்டும்னு விட்டுட்டார். அதுதான் பெரிய நிதானம்னு இப்ப அவரே உங்க எல்லார் முன்னாலயும் சொன்னார். நாளைக்குக் காலைல அந்த அறையில தையல் வகுப்பு ஆரம்பிக்கிறோம். பின்னால உக்காந்திருக்கிறவங்க எல்லாரும் சேர்ந்தாச்சு. அவர் எடுத்தேன் கவிழ்த்தேன்னு செய்யற ஆளுன்னு இனிமே யாரும் சொல்லாதீங்க. எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்."

பெண்கள் வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் பலகையாரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, அந்தச் சொல்லை வாசகசாலை திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தார். தெருவுக்கு ஓர் அறையை அளித்த பெருந்தகை என்று ஒருவர் சொன்னார். இருவர் சொன்னார்கள். பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

பலகையார் ஒலிபெருக்கியின் முன் நின்றார். 'முடியாது' நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. இப்போது அதை வெளியே விட்டால் அறை மிஞ்சும். ஆனால் தம் உரை சொல்லுகிற தலைவன் தாமே என்று ஊர் அறிய ஆகிவிடும். விடாவிட்டால் பேர் மிஞ்சும், அறை போகும். பேரா, அறையா? பேர் பலகையில் நிழல் போட்டு எழுதியிருக்கிறது. அறையில் இரண்டு சன்னல்கள் இருக்கின்றன. இரு பக்கமும் சீர்தூக்கினார். அவர் நிமிர்ந்து பார்த்தபோது கூட்டம் கலைந்து, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

*

காலையில் முன்னறையிலிருந்து இயந்திரங்களின் ஒலி கேட்டது. சன்னல் வெளிச்சம் முழுவதும் மேசை மேல் விழுந்திருந்தது. மனைவி சக்கரத்தில் கை வைத்து, ஒரு மணமகளின் உடைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் எதிலும் இடிக்கவில்லை. பலகையார் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அவளும் நிமிர்ந்து பார்த்தாள். நேற்று ரொம்ப நன்றாகப் பேசினீர்கள் என்று மெய்யாகவே சொன்னாள். அந்தப் பாழாய்ப்போன மனிதருக்கு அதைக் கேட்டதும் அறையே மறந்துவிட்டது. எந்த இடம் பிடித்திருந்தது என்று கேட்டார். அரசர்கள் தண்ணீர் குடிக்கிற இடம் என்றாள். அதை இன்னும் விரித்துச் சொல்லலாம் என்று எண்ணியிருந்ததாக அவர் சொன்னார். பின்னறையில் பலகைகளுக்கு நடுவே ஒருவாறு விரித்துப் போட்ட சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் அதை விரிக்கவும் தொடங்கிவிட்டார்.

பிற்பகலில் மருந்துக்கடைக்காரரும் செயற்குழுவினரும் வந்தார்கள். இப்படியோர் உரையை வாசகசாலை கேட்டதே இல்லை என்றார்கள். அடுத்த ஆண்டும் அவர்தான் பேச வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். யோசிக்கிறேன் என்று சொல்ல மறந்து பலகையார் உடனே ஒப்புக்கொண்டார். இந்தமுறை எந்தச் சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று அவர்கள் முன்னறைப் பக்கம் திரும்பி அண்ணியைக் கேட்டார்கள்.

அவள் இஞ்ச் டேப்பும் கையுமாக எழுந்து வந்து, பின்னறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புவதாகச் சொன்னாள்.